ஷட்டருக்குக் கீழே ஓடும் தண்ணீர்

மாரியம்மன் துணை

கொல்லங்கோடு
12-4-1976

தம்பி சென்னியப்பனுக்கு அக்கா கமலாத்தாள் எழுதுவது. இங்கே நானும் எருமைகளும் சுகம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் மரகதமும் எப்படி இருக்கிறீர்கள்? மலைக் குளிரில் உனக்கு வரும் இருமல் இந்த வருசம் வந்துவிட்டுப் போனதா, கூடவே இருக்கிறதா?

விசயத்துக்கு வருகிறேன். பங்குனியில் சாந்தி ஒரு கடிதம் போட்டாள். என் மகள் கடிதம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அவர் பாக்டரிக்குப் போகிறார், சந்தனம் பள்ளிக்கூடம் போகிறாள், அத்தை நல்லா இருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தத் தடவை அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள். போன ஆடியில் மாமா மட்டும் ஓடி வராமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது அம்மா என்று. அதற்குப் பிறகு பேனாவில் மை தீர்ந்ததா, மனசு மாறினாளா, கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டாள்.

போன ஆடிக்குப் பிறகு நீ எனக்கு மூன்று கடிதம் போட்டிருக்கிறாய். ஆவணியில் புதுப் படகுத்துறை கட்டப் போகிறார்கள் என்று எழுதினாய். ஐப்பசியில் மரகதத்துக்குப் பல் பிடுங்கியதை எழுதினாய். தையில் பொங்கலுக்கு வர முடியவில்லை என்று எழுதினாய். ஒன்றிலும் நீ ஓடியதாக இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்லவில்லை, எனக்கு மனசிலேயே இருக்கிறது.

என்ன நடந்தது? மறைக்காமல் எழுது. சின்ன வயசில் நீ பொய் சொன்னால் உன் காது சிவக்கும். கடிதத்தில் காது தெரியாது என்று நினைக்காதே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
அக்கா கமலாத்தாள்


மஞ்சப்பாறை அணை
25-4-1976

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி சென்னியப்பன் வணக்கமாக எழுதுவது. இருமல் வந்து போய்விட்டது. மரகதத்துக்கும் குறை ஒன்றுமில்லை. உங்கள் முழங்காலுக்கு இங்கே வைத்தியரிடம் ஒரு தைலம் சொல்லியிருக்கிறேன்.

மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. பயப்படுவீர்களே என்றுதான் எழுதவில்லை.

இங்கே எஸ்டேட் பெண்கள் ஆடிப் பதினெட்டுக்கு முளைப்பாரி எடுப்பது உங்களுக்குத் தெரியும். முளைப்பாரியையும் பழைய தாலிக்கயிற்றையும் ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும் என்பார்கள். அணைக்குள் கிடப்பது ஓடாத தண்ணீர், அது ஆகாது. அதனால் அணையைச் சுற்றிக் கீழே இறங்கி, ஷட்டருக்கு அடியில் ஆறு கசிந்து முழங்காலளவு ஓடுகிற இடத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே ஒரு பெரிய தட்டைப் பாறை. அதன் மேல் கும்மி, குலவை, காப்பரிசி எல்லாம். நான் போன ஆடிப் பதினெட்டன்று காவல் வேலையாக மேலே ஏரிக்கரையில் கயிறு கட்டி, படகில் ஏறுகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். ஆபத்து என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மழை வலுத்தது. எஞ்சினீயர் ஷட்டரைத் திறக்கச் சொல்லிவிட்டார். திறக்கும் முன் சைரன் ஊதுவார்கள். ஊதினார்கள். அக்கா, இதைக் கேளுங்கள். எங்கள் சைரனும் இங்கே தேயிலை பாக்டரியில் வேலைக்குக் கூப்பிடும் சங்கும் ஒரே குரல். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பாறைமேல் இருந்த பெண்கள் சங்கு என்று நினைத்துவிட்டார்கள். "இன்னைக்கு லீவுடி, யாரைக் கூப்பிடுதான் கிறுக்கன்" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்துக்கொண்டு மறுபடியும் கும்மி கொட்டினார்கள். அந்தச் சிரிப்பு மேலே எனக்குக் கேட்டது. ஓடினேன். விரட்டி மேலே ஏற்றினேன். கடைசியாக ஏறியவர்களில் சாந்தியும் இருந்தாள். ஈரச் சேலையைப் பிழிவதற்குள் பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. மோட்டார் படகு ஓட்டும் சுவக்கீனுக்கும் எனக்கும் தவிர ஆபீசில் இது அப்போது யாருக்கும் தெரியாது.

இந்த வருசம் கூட்டம் அதிகமாகும் என்பதால் எஞ்சினீயரிடம் இப்போதுதான் சொன்னேன். எஞ்சினீயர் நல்லவர்தான். போலீசை நிறுத்தி ஒருத்தரையும் கீழே விடாதே என்கிறார். போலீஸ் நின்றால் இவர்கள் காட்டுவழியாக இன்னும் கீழே போவார்கள். அங்கே என் கண்ணும் எட்டாது, சத்தமும் எட்டாது.

முளைப்பாரி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்வது ஒரே ஒருவர். உங்கள் சம்பந்தி சின்னத்தாய். நான் உங்கள் தம்பி என்பதால் அந்த அம்மாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீங்கள் அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
சென்னியப்பன்


கொல்லங்கோடு
6-5-1976

சென்னியப்பனுக்குக் கமலாத்தாள் எழுதுவது. நான் சுகம் என்று எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இவ்வளவும் நடந்ததற்குப் பிறகு மரகதத்தின் பல்லைப் பற்றி எனக்கு எழுதியிருக்கிறாய்.

சின்னத்தாய்க்கு நான் எழுத மாட்டேன்.

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. சாந்தி கல்யாணத்தில் பந்தி நடந்தபோது வாழைத்தூணுக்குப் பக்கத்தில், மூன்றாவது இலையில் அவள் உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கண்டாங்கிச் சேலை. நான் என் கையால் பிழிந்து தேங்காயெண்ணெயில் சுட்ட முறுக்கை என் கையாலேயே வைத்தேன். ஒன்றைக் கடித்தாள், மூக்கைச் சுளித்தாள், எதிர் இலைக்காரியிடம் ஊர் கேட்கச் சொன்னாள்: "தலைக்குத் தேய்க்கிற எண்ணெயிலயா முறுக்குச் சுடுவாக இந்த ஊர்ல?" பந்தி முழுக்கச் சிரித்தது. உன் மச்சானும் சிரித்தார், செத்தவர் என்பதால் அவரை விட்டுவிட்டேன். நம் ஆட்களே ஆனாலும் தெற்கத்திக்காரர்களுக்குப் பெண் கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னபோது யார் கேட்டார்கள்? அணை வேலைக்கு மலையேறிய மனுசன் அங்கேயே சம்பந்தம் பேசிவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை இல்லை. சந்தனம் பிறந்தபோது தொட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். குழந்தையிடம்தான் பேசினோம்.

அந்தப் பாறையில் முதலில் சிரித்தது யார் என்று நீ எழுதவில்லை. எனக்குத் தெரியும். பந்தியில் சிரிப்பு மூட்டியவள் பாறையில் மூட்ட மாட்டாளா?

நான் ஒன்று செய்கிறேன். ஆடிக்குச் சாந்தியையும் சந்தனத்தையும் இங்கே அழைத்துக்கொள்கிறேன். ஆடி முடிந்துதான் அனுப்புவேன். மற்றதை உன் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

தைலம் வந்தால் அனுப்பு.

கமலாத்தாள்


மஞ்சப்பாறை அணை
20-5-1976

அன்புள்ள அக்காவுக்கு, தைலம் தனியாகப் பார்சலில் வருகிறது. காலையில் வெறும் வயிற்றோடு முழங்காலில் தேய்த்து வெயிலில் உட்காரச் சொன்னார் வைத்தியர். இங்கே நாங்கள் நலம்.

உங்கள் அழைப்பைச் சாந்தியிடம் சொன்னேன். வர மாட்டேன் என்கிறாள். மாசியில் மாப்பிள்ளை பெரியமுத்துவுக்கு மஞ்சள் காமாலை கண்டு கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தாரே, அப்போது வேண்டிக்கொண்டாளாம். இந்த ஆடிக்கு முதல் முளைப்பாரி அவள் தலையில். "வேண்டுனது நான். எறக்கி வைக்கிறதும் நான்தான் மாமா" என்றாள். அந்தப் பேச்சு யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. சாந்தி வந்துவிட்டாலும் மற்றவர்கள் வீட்டுப் பெண்கள் அந்தப் பாறையில் நிற்பார்களே, அக்கா.

படகுத்துறை திறந்துவிட்டார்கள். போன ஞாயிறு கோயமுத்தூரிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி. மிதவைச் சட்டை போட்டால் பட்டு நலுங்கும், பூ கசங்கும் என்று பெண்கள் மாட்டேன் என்றார்கள். சட்டை இல்லாமல் படகு நகராது என்றேன். மாப்பிள்ளை என்னைப் பற்றி மேலே எழுதிப் போடுவதாக மிரட்டினார். எழுதுங்கள், பேனா தருகிறேன், சட்டையைப் போட்டுக்கொண்டு எழுதுங்கள் என்றேன். கடைசியில் பொண்ணே சிரித்துவிட்டு முதல் ஆளாக மாட்டிக்கொண்டது. வெளியூர்க்காரர்களைச் சமாளிப்பது சுலபம். அவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் கொஞ்சமாவது பயம். சாமி கும்பிட வருகிறவர்களுக்கு அந்தப் பயமும் இல்லை.

அங்கே நம் ஊரில் ஆற்றில் தண்ணீர் இல்லாத வருசங்களில் என்ன செய்வீர்கள்? எனக்கு நினைவில் இல்லை.

அன்புடன்
சென்னியப்பன்


கொல்லங்கோடு
2-6-1976

தம்பிக்கு, தைலம் வந்தது. நாற்றம் தாங்க முடியவில்லை, ஆனால் கால் மடங்குகிறது. மாங்காய் இந்த வருசம் காற்றில் கொட்டிவிட்டது. கோவிந்தாபுரம் சந்தையில் கன்று ஒன்று பார்த்தேன், கொம்பு சரியில்லை, விட்டுவிட்டேன்.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். இங்கே அணை கட்டி ஆற்றை அடைத்த பிறகு முதல் ஆடியில் ஆற்றில் மணல்தான் கிடந்தது. தண்ணீர் எல்லாம் கால்வாயில் ஓடியது. கால்வாய் சர்க்கார் வெட்டினது, அதில் அம்மன் வர மாட்டாள் என்று பொம்பளைகள் ஒரே பிடியாக நின்றார்கள். அதில் நானும் ஒருத்தி. ரொம்பச் சத்தம் போட்டது நான்தான் என்று இப்போதும் சிலர் சொல்வார்கள். அப்புறம் பூசாரி வீட்டுக் கிழவிதான் வழி சொன்னாள். ஆற்றுக்குழியில் கிடந்த தண்ணீரை ஒரு குடம் மொண்டு, மஞ்சள் பூசி, தலையில் வைத்துக் கால்வாய்க் கரைக்குக் கொண்டுபோய், ஆத்தா இந்த வழியாக வா என்று சொல்லி ஊற்ற வேண்டும். ஊற்றினால் அது ஆறு. கால்வாய்ப் படியில் கால் வைத்தோம், முளைப்பாரி விட்டோம். இன்று வரைக்கும் அப்படித்தான். ஒரு குறையும் இல்லை, நல்ல மழைதான்.

அந்த மலையில் அப்படி ஒரு வாய்க்கால்கூட இல்லாமலா இருக்கும்?

மரகதத்தைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மஞ்சப்பாறை அணை
18-6-1976

அன்புள்ள அக்காவுக்கு, கால் மடங்குகிறது என்றதில் சந்தோசம். அதைவிடப் பெரிய சந்தோசம் உங்கள் கடிதத்தின் பின்பாதி.

வாய்க்கால் இருக்கிறது. பாக்டரி சக்கரத்தைத் தண்ணீரால் சுற்றிய காலத்தில் எஸ்டேட்காரர்கள் வெட்டியது. ஆறு அணைக்குள் வந்து விழுவதற்கு மேலேயே பிரிந்து, மலையை ஒட்டி வந்து, ஏரியில் விழுகிறது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் இல்லை. தலைப்பில் பலகை இருக்கிறது, வேண்டாம் என்றால் அடைத்துவிடலாம். ஒரு பக்கம் கல் கட்டிய கரை. இரண்டு ஆட்களை நிறுத்தினால் குழந்தைகளைக்கூட விடலாம். எஞ்சினீயரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் பார்த்தார், போலீஸ் வேண்டாம் என்றார். எஸ்டேட் மானேஜரும் சரி என்றார். ஞாயிறு வேலை செய்துவிட்டுத் திங்கட்கிழமை ஆடிப் பதினெட்டுக்கு லீவு எடுத்துக்கொள்ளலாமாம்.

இவ்வளவும் கூடி வந்தது. சின்னத்தாயம்மாள் மட்டும் ஒப்பவில்லை. அவர்கள் லயத்து வீட்டு வாசலில் போய் நின்று, குடத்துத் தண்ணீர் வழக்கத்தை விவரமாகச் சொன்னேன். காப்பித்தண்ணி கொடுத்தார்கள். குடித்து முடித்ததும், "உங்க அக்கா ஊரு வழக்கம்தான? முறுக்குக்கே எண்ணெய் தெரியாதவுக, ஆத்தாளுக்கு வழி சொல்லுதாகளாக்கும்" என்றார்கள். சாந்தி உள்ளே போய்விட்டாள்.

அக்கா, நான் சொல்லி ஆகாது. நீங்கள் ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

சென்னியப்பன்


மஞ்சப்பாறை அணை
14-7-1976

அன்புள்ள அக்காவுக்கு, போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? தைலம் தீர்ந்துவிட்டதா? கோபம் என்றால் கோபம் என்றாவது ஒரு கார்டு போடுங்கள்.

இங்கே மழை விடவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு முன்னாலோ, அன்றைக்கேயோ ஷட்டர் திறந்தாக வேண்டும் என்கிறார் எஞ்சினீயர். சைரன் குரலை மாற்றச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறார், அது வந்து சேர அடுத்த வருசம் ஆகும்.

நேற்று ஒரு அதிசயம். சின்னத்தாயம்மாள் குடை பிடித்துக்கொண்டு படகுத்துறைக்கு வந்தார்கள். என்னைப் பார்க்காமல் சுவக்கீனைப் பார்த்து, அந்த வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அவன் கூட்டிப்போனான். தண்ணீரில் இறங்கிக் கால் கழுவினார்களாம். ஒரு இலையைக் கிள்ளிப் போட்டு அது போவதைப் பார்த்தார்களாம். மறுபடியும் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

சென்னியப்பன்


மஞ்சப்பாறை எஸ்டேட், மேல் லயம்
19-7-1976

சம்பந்தி மதினி கமலாத்தாள் அவர்களுக்குச் சின்னத்தாய் சொல்லச் சொல்ல, சுவக்கீன் மகள் சிசிலி எழுதுவது. இங்கே மகன், மருமகள், பேத்தி எல்லோரும் சுகம். தங்களுக்கு முழங்கால் வலி என்று சாந்தி சொன்னாள். எனக்கு இடுப்பு.

உங்கள் கடுதாசி வந்தது. நாலு பக்கம். மூன்று பக்கம் என்னை வைதிருக்கிறீர்கள். சிசிலி வாசிக்கக் கூச்சப்பட்டாள், ஒரு எழுத்து விடாமல் வாசி தாயி என்றேன். கண்டாங்கி பச்சை இல்லை மதினி, அரக்கு. மற்றதெல்லாம் நீங்கள் சொன்னபடிதான். நான் அப்படிச் சொன்னது நிசம். அந்த முறுக்கு என் தொண்டையில் இறங்கவில்லை, அதுவும் நிசம்.

நாலாவது பக்கத்துக்குத்தான் இந்தப் பதில். எங்களை எல்லோரும் போகாதே போகாதே என்றார்கள். எஞ்சினீயர் சொன்னார், மானேஜர் சொன்னார், போலீஸ் வரும் என்றார்கள். உங்கள் தம்பி வாய்க்கால் என்று சொன்னார், ஆனால் ஆம்பிளைக்கு முளைப்பாரி பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். "எங்கள் ஊரிலும் நான்தான் முதலில் மாட்டேன் என்றேன், அப்புறம்தான் இறங்கினேன்" என்று நீங்கள் எழுதியிருந்தது எனக்குப் பிடித்தது.

உங்கள் தம்பி உங்களுக்கு முழுசாக எழுதியிருக்க மாட்டார். போன வருசம் அவர் விரட்டி மட்டும் விடவில்லை. சந்தனம் பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டு நின்றாள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அதற்குப் பிறகு வெட்கம். அதனால்தான் பேசுவதில்லை. நீங்கள் வேறு காரணம் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

வாய்க்காலைப் பார்த்தேன். தண்ணீர் நன்றாக ஓடுகிறது. ஆனால் ஒன்று. குடத்துத் தண்ணீரை நீங்களே வந்து ஊற்ற வேண்டும். உங்கள் ஊர் வழக்கம், உங்கள் கை. ஆத்தாளுக்குக் கோபம் வந்தால் உங்கள் மேல் வரட்டும், என் மேல் வேண்டாம். நீங்கள் வந்தால் முளைப்பாரி வாய்க்காலுக்கு. வராவிட்டால் எப்போதும் போகிற இடத்துக்கு.

வரும்போது கம்பளி கொண்டு வாருங்கள். இங்கே மழை.

சின்னத்தாய்
(பெருவிரல் ரேகை)


கொல்லங்கோடு
24-7-1976

தம்பி சென்னியப்பனுக்கு, நான் சுகம். பதில் போடாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. எருமை ஒன்று ஈன்றது.

உன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று மரகதம் மூன்று வருசத்துக்கு முன் எழுதியிருந்தாள். அதை ஒருநாள் வந்து பார்க்க வேண்டும் என்று இருக்கிறேன். மூணாறும் பார்த்ததில்லை. ஆடிப் பதினாறாம் தேதி பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி உடுமலை வழியாக வருகிறேன். மூணாற்றில் ஜீப்போடு நில். உன் வீட்டில்தான் தங்குவேன், வேறு யார் வீட்டிலும் பச்சைத்தண்ணீர் குடிக்க மாட்டேன்.

இடுப்பளவுத் தண்ணீர் விசயத்தைப் பற்றி உன்னிடம் நேரில் பேசிக்கொள்கிறேன். உன் காது சிவந்திருக்கும்.

அக்கா கமலாத்தாள்


மஞ்சப்பாறை அணை
10-8-1976

அன்புள்ள அக்காவுக்கு, பத்திரமாகப் போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்தது. நீங்கள் போன பிறகு வீடு ஓய்ந்துவிட்டது. கூரையில் மூன்று இடத்தில் நீங்கள் சொன்னபடி தகரம் வைத்துவிட்டேன்.

நீங்கள் வாய்க்கால் கரையில் இருந்தீர்கள், அணைப் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அங்கே கூட்டத்தில் சொல்ல வாய்க்கவில்லை, புறப்படும்போது நீங்கள் கூரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தீர்கள். எழுதினால்தான் எனக்கும் தீரும்.

விடிகாலையிலேயே எஞ்சினீயர் கூப்பிட்டு, மத்தியானத்துக்குள் ஷட்டர் திறந்தாக வேண்டும் என்றார். நானும் சுவக்கீனும் கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கினோம். யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தே இறங்கினோம். பாறைக்குப் போய்ப் பார்த்தால் மஞ்சள். பச்சை மஞ்சள் அரைத்துப் பூசிய ஈரம் காயவில்லை. பக்கத்தில் சூடம் எரிந்த கரி, செவ்வந்திப் பூ. யாரோ நம்பாமல் இங்கேயே வந்திருக்கிறார்கள், காட்டுவழியில் இன்னும் கீழே போய்விட்டார்கள் என்று நினைத்தேன். சுவக்கீன் ஒரு கரை, நான் ஒரு கரை. கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. ஆற்று வளைவு வரை போனோம். ஒரு ஆள் இல்லை. மேலே எஞ்சினீயர் கையை ஆட்டுகிறார், தண்ணீர் விளிம்பில் நிற்கிறது, இனி தாமதிக்க முடியாது என்கிறார். நான் இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டுகிறேன்.

கடைசியில் சுவக்கீன் வாய்க்காலுக்கு ஓடினான். சாந்தியைப் பிடித்து, யாராவது குறைகிறார்களா என்று கேட்டிருக்கிறான். எல்லா லயமும் இங்கேதான் இருக்கிறது, மாமா எதற்குப் பயப்படுகிறார் என்றாளாம். பாறையில் மஞ்சள் பூசியது யார் என்று கேட்டதற்கு, அவள் உங்களையும் மாமியாரையும் கையால் காட்டியிருக்கிறாள்.

குடத்துத் தண்ணீரை நான் கொண்டுவந்து தருகிறேன் என்று முந்தின நாள் படித்துப் படித்துச் சொன்னேனே அக்கா. இரண்டு கிழவிகளும் விடியும் முன் அந்த வழுக்குப் பாறைக்கு இறங்கினால் நான் என்ன செய்வது?

சுவக்கீன் திரும்பி வந்து கையைத் தூக்கியதும் சைரன் ஊதச் சொன்னேன். ஊதி முடியும் வரை கீழேயே பார்த்துக்கொண்டு நின்றேன். வெறும் பாறை. ஷட்டர் தூக்கினார்கள். வெள்ளையாக வந்து விழுந்தது. மஞ்சள், பூ, பாறை எல்லாம் ஒரே மூச்சில் காணாமல் போயிற்று. அப்போது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குலவைச் சத்தம் கேட்டது. என் பக்கத்தில் எஞ்சினீயர் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தார். மழையில் நின்றுகொண்டு எதற்குத் துடைக்கிறார் என்று நான் கேட்கவில்லை. நானும் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வருசமும் வாய்க்காலில்தான் என்று சின்னத்தாயம்மாள் சொல்லிவிட்டார்கள். என்னிடமே சொன்னார்கள், என் முகத்தைப் பார்த்து.

அன்புடன்
சென்னியப்பன்


கொல்லங்கோடு
17-8-1976

தம்பிக்கு அக்கா எழுதுவது. கால் தேவலை. கன்றுக்குட்டி துள்ளுகிறது. மலையிலிருந்து வந்த பிறகு இங்கே வெயில் சுள்ளென்று இருக்கிறது, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

உன்னை அப்படி ஓட விட்டது தப்புதான், அதற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் அம்மனை அழைக்கும் குடத்தை ஆம்பிளை மொண்டு வர முடியாது. அதை உன்னிடம் சொன்னால் நீ எஞ்சினீயரிடம் சொல்வாய், எஞ்சினீயர் வேண்டாம் என்பார். அதனால் சொல்லவில்லை. நானும் அவளும் விடியுமுன் மங்கல் வெளிச்சத்தில் இறங்கி, மொண்டுகொண்டு, சூரியன் மேலே வருவதற்குள் ஏறிவிட்டோம். போகும்போது பாசியில் என் கால் வழுக்கியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஏறி முடியும் வரை விடவில்லை. "மதினி, நீங்க விழுந்தா சாந்தி என்னயத்தான் கேப்பா" என்றாள்.

அவளை நான் மன்னித்துவிட்டதாக நீ நினைக்க வேண்டாம். அவள் வீட்டில் சாப்பிட்டதும் மழைக்காக. குழம்பில் உப்பு அதிகம்.

நீ உன் பக்கத்தை எழுதினாய், நான் என் பக்கத்தை எழுதுகிறேன். குடத்தை ஊற்றியாயிற்று. ஆத்தா இந்த வழியாக வா என்று நான் சொன்னபோது எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். முதல் முளைப்பாரியைச் சாந்தி இறக்கி விட்டாள், அது ஆடிக்கொண்டே ஏரிப் பக்கம் போயிற்று. அப்போதுதான் உன் சைரன் கேட்டது. ஒரு பெண்ணும் சிரிக்கவில்லை. கும்மி நின்றுவிட்டது. எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள். மலை மறைத்தது, ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விழுகிற இரைச்சல் கேட்டது. நிலம் அதிர்ந்தது காலில் தெரிந்தது. பிள்ளை வைத்திருந்தவர்கள் பிள்ளையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. பிறகு யாரோ ஒருத்தி குலவை போட்டாள். நீ கேட்டாயே, அதுதான்.

நான் போடவில்லை. சாந்தி எனக்கு முன்னால் முழங்கால் தண்ணீரில் நின்று, முந்தானையால் சந்தனத்தின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை குளிருது, குளிருது என்று கத்தியது. மூணாறு பார்க்கவும் உன் கூரை பார்க்கவும் வந்தேன் என்று எழுதியிருந்தேன். இதைப் பார்க்கத்தான் வந்தேன்.

உன் உடம்பைக் கவனி. தண்ணீர்ப் பக்கம் போகும்போது நீயும் அந்த மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள்.

இப்படிக்கு உன் அக்கா
கமலாத்தாள்